ஒரே ரன்வேக்கு ஜிபிஎஸ் பட்டியலில் நான்கு அப்ரோச் வருகிறதே, எதை எடுப்பது?

பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும் என்பதால் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அமெரிக்காவில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (மேகத்துக்குள் கருவிகளைப் பார்த்தே பறக்கும் தகுதி) பயிற்சியில் இருக்கிறீர்கள். ஓட்டுவது செஸ்னா 172 என்ற சிறு விமானம், பேனலில் இருப்பது கார்மின் ஜிடிஎன் 650 என்ற ஜிபிஎஸ் பெட்டி. புரொசீஜர் பக்கத்தைத் திறந்தால் ஒரே ரன்வேக்கு ஐஎல்எஸ் ஒன்று, ஆர்நாவ் இசட் ஒன்று, ஆர்நாவ் ஒய் ஒன்று, விஓஆர் ஒன்று என்று வரிசையாக நிற்கின்றன. அப்ரோச் என்றால் ரன்வேக்கு இறங்கி வர வகுத்த பாதை; ஐஎல்எஸ், விஓஆர் தரையிலுள்ள ரேடியோவை வைத்தும், ஆர்நாவ் ஜிபிஎஸ்ஸை வைத்தும் வழிகாட்டுபவை. ஒன்றைத் தொட்டால் டிரான்சிஷன் (எந்த ஃபிக்ஸில், அதாவது வரைபடப் புள்ளியில், நுழைவது) என்று அடுத்த பட்டியல் வருகிறது, அதில் வெக்டர்ஸ் என்றும் ஒரு வரி இருக்கிறது. போன வாரம் தவறானதை எடுத்துவிட்டீர்கள், பயிற்றுநர் கோபித்துக்கொண்டார். எதை எடுப்பது என்பதற்கு ஏதாவது விதி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த அப்ரோச் செய்வது என்று எப்படி முடிவெடுப்பது என்பது ஒன்று. நான் முடிவெடுத்ததைத்தான் பெட்டியும் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு அந்தத் திரையில் விடையே கிடையாது. அங்கே தேடுவதால்தான் பலருக்கும் குழப்பம் வருகிறது. இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை, நீங்கள் கேட்டிருப்பது எனக்கு மகிழ்ச்சி.

நான் கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகளாக இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி கொடுத்து வருகிறேன். குளிர்காலத்தில் இங்கே டூலி ஃபாக் என்று ஒரு மூடுபனி இறங்கும். மழை பெய்து ஓய்ந்து, காற்றும் நின்றுவிட்டால் மறுநாள் காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பாலை ஊற்றி வைத்தது போல் இருக்கும். அதனால் இந்தப் பட்டியல் எங்களுக்கு வெறும் ஏட்டுப்பாடம் அல்ல. ஜிஎன்எஸ் 430 காலத்திலிருந்து இன்றைய ஜிடிஎன் வரை கார்மின் பெட்டிகளில்தான் என் பழக்கம். ஏவிடைன் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும், பெரிய விமானத்தில் எஃப்எம்எஸ் என்ற வழிகாட்டும் கணினியைப் பயன்படுத்துபவர்களுக்கும் நான் சொல்வதன் சாரம் பொருந்தும், பொத்தான்கள் பொருந்தாது. எது எப்படியானாலும் உங்கள் விமானத்தின் கையேட்டோடு இணைத்திருக்கும் ஜிபிஎஸ் சப்ளிமென்ட் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் தன் டேட்டாபேஸில் உள்ள அப்ரோச்களின் பெயர்களும் பாதைகளும் மட்டுமே. இன்று காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, டவர் எந்த ரன்வேயில் இறக்கிக்கொண்டிருக்கிறது, கன்ட்ரோலர் உங்களுக்கு எதற்குக் கிளியரன்ஸ் கொடுத்தார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரு அப்ரோச்சைப் பயன்படுத்தக் கூடாது என்று நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு) போட்டிருந்தாலும் அது பட்டியலில் வழக்கம்போல் இருக்கும், தொட்டால் லோடும் ஆகும். ஆகவே முடிவை அப்ரோச் பிளேட்டை, அதாவது அந்த அப்ரோச்சின் வரைபடத்தை, கையில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். பெட்டிக்கு அந்த முடிவைச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து ஸ்டாக்டன் விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ரன்வே 29 ரைட்டுக்கு ஐஎல்எஸ் உண்டு, ஆர்நாவும் உண்டு. வருவதற்கு இருபது நிமிடம் முன்பே ஏடிஸை, அதாவது விமான நிலையத்தின் தகவல் ஒலிபரப்பை, கேட்டுவிடுவேன். எந்த ரன்வே, எந்த அப்ரோச் என்று அதிலேயே சொல்லிவிடுவார்கள். பாதி முடிவு அங்கேயே முடிந்தது. கன்ட்ரோலர் எல்லோரையும் ஐஎல்எஸ்ஸில் வரிசை கட்டிக்கொண்டிருந்தால் நானும் ஐஎல்எஸ்தான். தேர்வை என்னிடம் விட்டால், தனியாக ஓட்டும் விமானிக்கு எல்பிவி (வாஸ் என்ற ஜிபிஎஸ் திருத்தச் சிக்னலை வைத்து இறங்கும் சரிவையும் காட்டும் வகை) உள்ள ஆர்நாவ் சுலபம் என்பது என் அபிப்பிராயம். இரண்டுமே நல்ல ரன்வேயில் தரையிலிருந்து 200 அடி வரை இறக்கிவிடும். ஆர்நாவில் அலைவரிசை வைக்கும் வேலையும் இல்லை, வழிகாட்டும் ஊசியை ஜிபிஎஸ்ஸிலிருந்து ரேடியோவுக்கு மாற்றும் வேலையும் இல்லை. அமெரிக்காவின் தென்மேற்கில் ராணுவம் ஜிபிஎஸ் சிக்னலைக் குலைத்துச் சோதனை நடத்துவது உண்டு. அப்படி நோட்டாம் இருக்கும் நாளில் நான் ஐஎல்எஸ் பக்கம் போய்விடுவேன். தேர்வுக்குத் தயாராகிறீர்கள் என்பதால் ஒன்று: எல்பிவியின் டிசிஷன் ஆல்டிட்யூட் (இறங்குவதா, ஏறிவிடுவதா என்று முடிவெடுக்கும் உயரம்) தரையிலிருந்து 300 அடிக்குள் இருந்தால் அதைப் பிரிசிஷன் அப்ரோச்சாகச் செக்ரைடில் (பறந்து காட்டும் தேர்வில்) காட்டலாம். ஆனால் மாற்று விமான நிலையத்துக்குத் திட்டமிடும்போது அதே எல்பிவி நான்பிரிசிஷன் கணக்கில்தான் வரும்.

இசட், ஒய் விஷயம் எல்லோரையும் குழப்புவது. ஒரே ரன்வேக்கு ஒரே வகையில் ஒன்றுக்கு மேற்பட்ட அப்ரோச் இருந்தால், பெயரில் பிரித்துக் காட்ட எழுத்தைக் கடைசியிலிருந்து கொடுத்துக்கொண்டு வருவார்கள்: இசட், ஒய், எக்ஸ். இது உறுதி. இசட் என்றால் எப்போதும் மினிமம் (ரன்வே தெரியாமல் இறங்கக்கூடிய கடைசி உயரம்) தாழ்வாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன், ஆனாலும் அதை விதியாக வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டையும் அருகருகே விரித்து, எங்கே வேறுபடுகின்றன என்று தேடுங்கள். பல நேரம் வேறுபாடு மிஸ்டு அப்ரோச்சில், அதாவது இறங்க முடியாதபோது ஏறிப் போகும் பாதையில், இருக்கும். வழக்கமான கணக்கு ஒரு கடல் மைலுக்கு 200 அடி ஏறினால் போதும் என்பது. மலை சூழ்ந்த இடங்களில், அதைவிடச் செங்குத்தாக ஏற முடிந்தவர்களுக்கு மட்டும் தாழ்ந்த மினிமம் கொடுத்து ஒரு அப்ரோச்சும், ஏற முடியாதவர்களுக்கு உயர்ந்த மினிமத்தோடு இன்னொன்றும் வைத்திருப்பார்கள். இங்கே உங்கள் 172-ஐ நினைத்துப் பாருங்கள். தரை வேகம் 90 நாட் என்றால் நிமிடத்துக்கு ஒன்றரை மைல் போகிறீர்கள். மைலுக்கு 400 அடி ஏற வேண்டும் என்று பிளேட்டில் இருந்தால் நிமிடத்துக்கு 600 அடி ஏற வேண்டும். இரண்டு பேர், நிறைந்த டேங்க், கோடை மதியம், 5,000 அடி உயரம். அந்த விமானம் அப்படி ஏறுமா? ஏறாது என்றால், இசட்டின் மினிமம் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் அது உங்களுக்கான அப்ரோச் அல்ல.

ரன்வே எண் இல்லாமல் ஏ, பி, சி என்று எழுத்து மட்டும் வரும் அப்ரோச்சும் பட்டியலில் இருக்கலாம். அதற்கு நேராக இறங்கும் மினிமம் கிடையாது, சர்க்கிளிங் (ரன்வேயைக் கண்ணால் பார்த்துச் சுற்றிவந்து இறங்குவது) மட்டும்தான். பாதை ரன்வேயிலிருந்து அதிகமாகக் கோணியிருக்கும், அல்லது இறக்கம் மிகச் செங்குத்தாக இருக்கும். கொலராடோவில் மலைக்குள் ஒளிந்திருக்கும் ஆஸ்பென்னின் லோக்கலைசர் (இடவலம் மட்டும் காட்டும் ரேடியோ) அப்ரோச் இந்த இரண்டாம் வகைக்கு நல்ல உதாரணம். இன்னொரு பக்கம், பிளேட் புத்தகத்தில் ஆர்நாவ் ஆர்என்பி என்று ஒன்று இருக்கும், உங்கள் பெட்டியில் அதைக் காணவே முடியாது. அதற்குத் தனி அனுமதியும் தனிப் பயிற்சியும் வேண்டும், சிறு விமானப் பெட்டிகளில் பொதுவாக அதை ஏற்றுவதில்லை. பட்டியலில் இல்லையே என்று பதறி, பெயர் ஒத்துப்போகிற வேறொன்றைத் தொட்டுவிடாதீர்கள்.

அடுத்து மினிமம். பிளேட்டின் அடியில் எல்பிவி, எல்நாவ் வீநாவ், எல்நாவ் என்று தனித்தனி வரிகள் இருக்கும் (எல்நாவ் இடவலத்துக்கு மட்டும், வீநாவ் உயரத்துக்கும் வழிகாட்டுவது). இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று மாணவர்கள் பெட்டியில் தேடுவார்கள். தேர்ந்தெடுக்கவே முடியாது. நீங்கள் ஆர்நாவ் 29 ரைட் என்று அப்ரோச்சை மட்டும் எடுக்கிறீர்கள். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் எல்பிவி என்று போட்டிருந்தால், அந்த அப்ரோச்சில் கிடைக்கக்கூடிய உச்சம் அது என்று பொருள். உண்மையில் என்ன கிடைத்தது என்பது ஃபைனல் அப்ரோச் ஃபிக்ஸை (கடைசி இறக்கம் தொடங்கும் புள்ளியை) நெருங்கும்போது திரையின் கீழ்ப்பகுதியில் வரும் சொல்லில்தான் தெரியும். வழியில் என்ரூட்டிலும், பிறகு டெர்மினலிலும் இருந்த அந்தச் சொல், ஃபிக்ஸுக்கு இரண்டு மைல் முன்னால் எல்பிவி என்று மாற வேண்டும். வாஸ் சிக்னலின் தரம் போதவில்லை என்றால் தரத்தைக் குறைத்துவிட்டேன், எல்நாவ் மினிமத்தைப் பயன்படுத்து என்று செய்தி வரும். அதனால் இரண்டு எண்களையும் முன்பே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்: எல்பிவி கிடைத்தால் இவ்வளவு, எல்நாவ் என்றால் இவ்வளவு. ஃபிக்ஸைத் தாண்டும்போது அந்தச் சொல்லை வாய்விட்டுப் படியுங்கள்.

அதிலும் எல்நாவ் பிளஸ் வீ என்று ஒன்று வரும். இதைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். இந்தச் சொல் எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) வெளியிடும் எந்தப் பிளேட்டின் மினிமம் வரியிலும் இருக்காது. பெட்டி நமக்கு வசதிக்காக ஒரு சரிவுப் பாதையைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. ஊசி எல்பிவியில் ஆடுவது போலவே ஆடும். ஆனால் மினிமம் எல்நாவினுடையதுதான், அந்த உயரத்துக்குக் கீழே அந்தச் சரிவில் மரமோ மேடோ இல்லை என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ரன்வே கண்ணில் படாதவரை எம்டிஏவில், அதாவது அந்த எல்நாவ் மினிமத்தில், நின்றுவிட வேண்டும். ஊசியைப் பின்தொடர்ந்து கீழே போகக் கூடாது.

இனி டிரான்சிஷன். கன்ட்ரோலர் குறிப்பிட்ட ஒரு ஃபிக்ஸின் பெயரைச் சொல்லி அதற்கு நேரே போகச் சொன்னால் குழப்பமே இல்லை, அந்தப் பெயரை எடுங்கள். பல ஆர்நாவ் அப்ரோச்கள் ஆங்கில எழுத்து டீ போல் இருக்கும்: இடமிருந்து வர ஒரு நுழைவு, வலமிருந்து வர ஒன்று, நடுவில் ஒன்று. நீங்கள் வரும் திசைக்கு எது இயல்பாக இருக்கிறதோ அதுதான் பொதுவாகக் கிடைக்கும். நடு ஃபிக்ஸில் ஒரு ஹோல்டிங் வரைந்திருந்தால், அதைச் சுற்றட்டுமா என்று பெட்டி கேட்கும். நேராக வருகிறீர்கள், கன்ட்ரோலரும் ஸ்ட்ரெய்ட் இன் என்று சொன்னார் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தக் கேள்விக்கு அவசரத்தில் ஆமாம் என்று தொட்டு, ஃபைனலில் இருக்க வேண்டிய நேரத்தில் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெக்டர்ஸ் வரியைப் பற்றி விமானிகளிடையே இரண்டு கட்சி உண்டு. கன்ட்ரோலர் ரேடாரில் திருப்பித் திருப்பி ஃபைனலில் சேர்த்துவிடப் போகிறார் என்றால் வெக்டர்ஸை எடுப்பது ஒரு கட்சி. அதை எடுத்தால் ஃபைனல் பாதையைப் பின்னோக்கி நீட்டி ஒரு நேர்கோடு கிடைக்கும், பார்ப்பதற்கும் சுத்தமாக இருக்கும். சிக்கல் என்னவென்றால் பழைய பெட்டிகளில் ஃபைனல் ஃபிக்ஸுக்கு வெளியே உள்ள எல்லா ஃபிக்ஸ்களும் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும். கன்ட்ரோலர் மனம் மாறி, முந்தைய ஃபிக்ஸுக்கு நேரே போ என்றால் போவதற்கு அந்த ஃபிக்ஸ் அங்கே இருக்காது. கோட்டுக்கு வெளியே உள்ள உயரக் கட்டுப்பாடுகளும் கண்ணில் படாது. புதிய ஜிடிஎன் மென்பொருளில் இதைத் திருத்தியிருக்கிறார்கள், உங்கள் பெட்டியில் எது என்பதைத் தரையிலேயே லோட் செய்து பார்த்துவிடுங்கள். நான் இரண்டாம் கட்சி. நேர்கோட்டில் மிக வெளியே உள்ள ஃபிக்ஸை டிரான்சிஷனாக எடுத்து லோட் செய்துவிடுவேன். கன்ட்ரோலர் கடைசியாகத் திருப்பும்போது ஃபைனலுக்குப் போகும் லெக்கை (பாதைத் துண்டை) மட்டும் ஆக்டிவேட் செய்வேன். ஒரு தொடுதல் கூடுதல், ஆனால் எந்த ஃபிக்ஸும் தொலைவதில்லை. இது என் பழக்கம்தான், வெக்டர்ஸை எடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. உங்கள் பயிற்றுநர் வேறு வழி சொல்லிக்கொடுத்தால் ரேட்டிங் வாங்கும்வரை அவர் வழியிலேயே போங்கள்.

லோட், ஆக்டிவேட் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் தூக்கத்திலும் மறக்கக் கூடாது. லோட் செய்தால் அப்ரோச் உங்கள் ஃபிளைட் பிளானின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும், விமானம் போகும் பாதை மாறாது. ஆக்டிவேட் செய்தால் அந்த நொடியே பாதை மாறும். ஆட்டோபைலட் நாவ் மோடில் இருந்தால் விமானம் திரும்பவே ஆரம்பித்துவிடும். முன்கூட்டியே லோட் செய்யுங்கள், கிளியரன்ஸ் வந்த பிறகு ஆக்டிவேட் செய்யுங்கள்.

திரையில் தவறான வரியை எடுத்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1995 டிசம்பர் 20 இரவு கொலம்பியாவில் நடந்ததை ஒவ்வொரு மாணவருக்கும் சொல்கிறேன். மியாமியிலிருந்து காலி (Cali) என்ற நகரத்துக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, ஒரு போயிங் 757. சுற்றிவந்து ரன்வே 01-இல் இறங்குவதாக இருந்தவர்களிடம், நேராக 19-இல் இறங்குகிறீர்களா என்று கன்ட்ரோலர் கேட்டார். நேரம் மிச்சமாகும், சரி என்றார்கள். உயரத்தைக் குறைக்க வேண்டும், புதிய பிளேட்டைத் தேட வேண்டும், எல்லாம் அவசரம். பிளேட்டில் ரோஸோ என்ற ரேடியோ பீக்கனின் அடையாளம் ஆர் என்ற ஒற்றை எழுத்து. எஃப்எம்எஸ்ஸில் ஆர் என்று போட்டதும் ஒரு பட்டியல் வந்தது, முதல் வரியை எடுத்தார்கள். அது நூறு மைலுக்கும் அப்பால் போகோட்டா பக்கத்தில் இருந்த ரோமியோ என்ற வேறு பீக்கன். அந்த டேட்டாபேஸில் ரோஸோவை முழுப் பெயராகப் போட்டால்தான் வரும், ஆர் என்று போட்டால் வராது. இரண்டு பக்கமும் மலை எழும்பிய பள்ளத்தாக்கின் நடுவே, இருட்டில், விமானம் அமைதியாக இடது பக்கம் கிழக்கே திரும்பிப் போனது. என்ன நடக்கிறது என்று புரிந்து வலது பக்கம் திருப்பியபோது பள்ளத்தாக்குக்கும் அவர்களுக்கும் நடுவில் மலை வந்துவிட்டது. 159 பேர் இறந்தார்கள், நான்கு பேர் பிழைத்தார்கள். பெட்டி அன்று எந்தத் தவறும் செய்யவில்லை, கேட்ட இடத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனது. தொட்டதற்கும் செயல்படுத்தியதற்கும் நடுவே அது எந்தப் பக்கம் திருப்பப் போகிறது என்று பிளேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க சில வினாடி போதும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது அந்தச் சில வினாடிதான்.

இதிலிருந்துதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை. லோட் செய்தவுடன் ஃபிளைட் பிளான் பக்கத்துக்குப் போங்கள். பிளேட்டை முழங்காலில் வைத்து, திரையில் வரும் ஃபிக்ஸ்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படியுங்கள்: பெயர், திசை, தூரம். திசையில் ஓரிரு டிகிரி வேறுபடுவது இயல்பு, பெட்டியும் பிளேட்டும் காந்த விலக்கத்தை வெவ்வேறு வருடக் கணக்கில் எடுத்திருக்கலாம். பத்து டிகிரி வேறுபட்டால் நீங்கள் வேறு அப்ரோச்சில் இருக்கிறீர்கள். மிஸ்டு அப்ரோச்சில் ஹோல்டிங் போடும் ஃபிக்ஸ்வரை படியுங்கள். இசட்டும் ஒய்யும் ஃபைனலில் ஒன்றாகவே இருந்து மிஸ்டில் பிரிந்து போகும் இடங்கள் உண்டு, மேலே உள்ள நாலு வரியை மட்டும் படித்தால் இது பிடிபடாது. பாதைகளும் தூரங்களும் பிளேட்டோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொல்லி எஃப்ஏஏவின் ஏஐஎம் கையேடே அறிவுறுத்துகிறது. இது என் சொந்தச் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

எல்பிவி உள்ள அப்ரோச்களுக்கு இன்னொரு சாவியும் இருக்கிறது. பிளேட்டின் இடது மேல் மூலையில் வாஸ் என்று போட்டு ஐந்து இலக்கச் சேனல் எண்ணும், அதன் கீழே டபிள்யூ 29 ஏ போல நான்கு குறியும் இருக்கும். அப்ரோச்சை எடுக்கும்போது பெட்டியும் அந்தச் சேனலையோ குறியையோ காட்டும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி எழுத்து லெஃப்ட், ரைட்டைச் சொல்வதல்ல, எத்தனையாவது அப்ரோச் என்று பிரிக்க வைத்தது. அதனால் அதற்கு அர்த்தம் கண்டுபிடிக்க முயலாமல் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஐஎல்எஸ்ஸில் தேர்வு சரியாக இருந்தும் தவறு நடக்கும், அதைக் கண்ணால் பார்த்த கதை ஒன்று. ஒரு மாணவி, நல்ல கவனம் உள்ளவர், நான் பக்கத்தில். டிசம்பர் காலை, 2,000 அடியில் மேகத்துக்குள் இருக்கிறோம், பேனலில் ஜிஎன்எஸ் 430. ஐஎல்எஸ்ஸைச் சரியாக லோட் செய்தார். வழிகாட்ட மட்டும், ஜிபிஎஸ்ஸில் பறக்க அனுமதியில்லை என்று பெட்டி எச்சரித்ததைப் படித்துச் சரி என்று தட்டினார். கன்ட்ரோலர் திருப்பிவிட்டார், ஊசி அழகாக நடுவில் வந்து நின்றது. அவர் முகத்தில் நிம்மதி. இறங்கும் சரிவைக் காட்டும் கிளைடு ஸ்லோப் ஊசி மட்டும் அசையவே இல்லை. வரும் வரும் என்று உயரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஃபைனல் ஃபிக்ஸ் கடந்தது, அரை மைல் போனது, நாங்கள் இன்னும் 2,000 அடியில். அப்புறம்தான் பார்த்தார்: ஊசிக்குக் கீழே ஜிபிஎஸ் என்று எரிந்துகொண்டிருந்தது. ஐஎல்எஸ் அலைவரிசை ஸ்டாண்ட்பையிலேயே உட்கார்ந்திருந்தது. ஜிபிஎஸ் அதே கோட்டைத்தான் காட்டியது என்பதால் ஊசி நடுவில் நின்று ஏமாற்றியது. உடனே மிஸ்டு அப்ரோச் என்று சொல்லி ஏறினார், அதுதான் சரி. அந்த 430 ஃபைனலை நெருங்கும்போது தானாகவே விலாக்குக்கு (ஊசி ஜிபிஎஸ்ஸை விட்டு ரேடியோவைக் காட்டும் நிலைக்கு) மாறும் வசதி உள்ளது, ஆனால் சரியான அலைவரிசை ஆக்டிவில் இருந்தால்தான் மாறும். ஜிடிஎன்னில் இது இன்னும் சுலபமாக்கப்பட்டிருக்கிறது, ஆனாலும் தானாக மாறும் என்று நம்பி உட்காராதீர்கள். அலைவரிசை ஆக்டிவில் இருக்கிறதா, மோர்ஸ் அடையாளம் கேட்கிறதா, ஊசி விலாக்கில் இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்த பிறகே கிளைடு ஸ்லோப்பைத் தேடுங்கள். லோக்கலைசரின் ஃபைனலை ஜிபிஎஸ் ஊசியை வைத்துப் பறக்க அனுமதி கிடையாது, இதில் விதிவிலக்கு எதுவும் இல்லை.

விஓஆர் அப்ரோச் கொஞ்சம் வேறு. ஏற்ற ஜிபிஎஸ் இருந்தால் ஃபைனலிலும் அதன் ஊசியைப் பின்பற்றலாம், ஆனால் அந்த விஓஆர் இயங்க வேண்டும், அதன் ஊசியையும் ஒரு பக்கம் கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த அப்ரோச்சாக இருந்தாலும் பெட்டி காட்டும் தூரம் அடுத்த ஃபிக்ஸுக்கானது என்பதையும் மறக்காதீர்கள். பிளேட்டில் போட்டிருக்கும் டிஎம்இ தூரம் தரையிலுள்ள ஒரு ரேடியோ நிலையத்திலிருந்து அளந்தது. இரண்டையும் கலந்து படித்து, இறங்கக் கூடாத இடத்தில் ஒரு படி முன்னதாகவே இறங்கிவிடுவது இன்றும் நடக்கிறது.

டேட்டாபேஸ் 28 நாளுக்கு ஒருமுறை மாறும். காலாவதியானதை வைத்து அப்ரோச் செய்யலாமா என்று கேட்பார்கள். விமானத்தின் சப்ளிமென்ட் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது, பயிற்சியில் நான் அனுமதிப்பதில்லை. பிளேட்டும் பெட்டியும் ஒரே சுற்றாக இருக்க வேண்டும். புதிய பிளேட்டும் பழைய பெட்டியும் சேர்ந்தால், நான் மேலே சொன்ன ஒப்பிடும் வேலையெல்லாம் வீண்.

இந்தியாவுக்குத் திரும்பிப் பறக்கும் எண்ணம் உங்களுக்கு இருக்குமானால் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஆர்நாவ் ஜிபிஎஸ் என்று பெயரிடுவதை அங்கே பிளேட்டில் ஆர்என்பி என்று பார்ப்பீர்கள், பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் புதிய பெயரிடும் முறை அது. அங்கே ஆர்என்பி என்று கண்டவுடன் தனி அனுமதி வேண்டும் என்று அர்த்தமில்லை, ஏஆர் என்று கூடவே போட்டிருந்தால்தான். வாஸ் வேலையை அங்கே செய்வது இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கட்டில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககனை வைத்து எல்பிவியில் இறங்கியது. பெயர்கள் மாறினாலும் முழங்காலில் பிளேட், திரையில் விரல் என்ற வேலை அங்கேயும் அதேதான்.

அடுத்த பாடத்துக்கு முன் இதைச் செய்து பாருங்கள். கார்மின் தரும் ஜிடிஎன் பயிற்சி மென்பொருளைக் கணினியில் திறந்து, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மூன்று விமான நிலையங்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ரன்வேக்கு உள்ள எல்லா அப்ரோச்சையும் ஒன்றன்பின் ஒன்றாக லோட் செய்து, ஃபிக்ஸ்களைப் பிளேட்டோடு வாய்விட்டு ஒப்பிடுங்கள். முதல் தடவை ஒன்றுக்கு ஐந்து நிமிடம் ஆகும். பத்தாவது தடவையில் நாற்பது வினாடிக்கு வந்துவிடும், அந்த நாற்பது வினாடி மேகத்துக்குள்ளும் உங்களுக்குக் கிடைக்கும். ஏதாவது ஒரு அப்ரோச்சில் பெட்டியும் பிளேட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த விமான நிலையத்தின் பெயரையும் அப்ரோச்சின் பெயரையும் இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.